பழைய பிக்கப் சூடாகிறதா? ரேடியேட்டர், கூலர் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ஏற்றுகிறவர், குளச்சலில் மீன் ஏற்றுகிறவர், தோவாளையில் பூ ஏற்றுகிறவர், வளைகுடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் தம்பிமார் என்று எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். சூடு காட்டும் மீட்டரில் முள் ஏறுகிறது, பெரிசாக ஒரு கூலர் போட்டுவிடலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யூடியூப்ல ஒருத்தரு பிக்கப்புக்கு டிரான்ஸ்மிஷன் கூலர் மாத்துதாரு. நம்ம பொலேரோவுக்கும் ஒண்ணு போடலாமா அண்ணே?

வேண்டாம். அந்த வீடியோக்களில் வருபவை பெரும்பாலும் அமெரிக்க ஆட்டோமேட்டிக் பிக்கப்புகள். அவற்றில் கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர் இருக்கும். எஞ்சினின் இழுவை எண்ணெய் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகும். லோடோடு மேட்டில் மெதுவாக ஏறும்போது அந்த எண்ணெய் உள்ளேயே கடைபட்டுக் கொதிக்கும். அந்தச் சூட்டை வெளியே எடுக்கத்தான் கூலர்.

நம் ஊரில் ஓடும் பழைய பொலேரோ பிக்கப், டாடா 207, ஏஸ் எல்லாம் கையால் கியர் போடும் வண்டிகள். அந்த கியர்பாக்ஸில் பல் சுற்றும்போது தெறிக்கிற ஆயில்தான் வேலை செய்கிறது. சூடு கூட்டின் வழியாகவே ஆறிவிடும். கம்பெனி சொன்ன கிரேடில், ஆயில் ஊற்றும் ஓட்டையின் விளிம்பு வரை ஆயில் இருந்தால் போதும். வழக்கத்தைவிட அதிகமாகச் சுட்டு, கூடவே இரைச்சலும் வந்தால் ஆயில் குறைந்திருக்கும் அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். அதற்குக் கூலர் மருந்தில்லை. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம்.

அப்போ எஞ்சின் சூடு? ரேடியேட்டரைப் பெருசாக்கினா முள் எறங்குமா?

இறங்கலாம், இறங்காமலும் போகலாம். முதலில் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். இந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் "சூடாவுது" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் பாகம் மாற்றுவார்.

மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏறி, ஓட்டம் பிடித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன், அதை எஞ்சினோடு பிணைக்கும் ஃபேன் கிளட்ச், ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு, ரேடியேட்டர் முன்னால் அடைந்த தூசி. நெரிசலில் சும்மா இருந்துவிட்டு நாற்கரச் சாலையில் வேகம் எடுத்ததும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: உள்ளே அடைத்த குழாய்கள், தேய்ந்த வாட்டர் பம்ப், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் கதவு), உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். எப்போதும் ஏறினால் முதலில் கூலன்ட் அளவையும் மூடியையும் பாருங்கள், பிறகு எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகவும், மீதி கூலன்ட் வழியாகவும் வெளியேறுகிறது. கம்பெனி போட்ட ரேடியேட்டர் அதைத் தாங்கக் கணக்கிட்டுச் செய்ததுதான். பத்துப் பன்னிரண்டு வருடம் நன்றாக ஓடிய வண்டி இப்போது சூடாகிறது என்றால் ரேடியேட்டர் சிறியதாகிவிடவில்லை, எங்கேயோ ஏதோ கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பெரிது போடுவது, வாய்க்கால் அடைத்துக் கிடக்கக் குளத்தை ஆழப்படுத்துகிற மாதிரி.

நம்ம கிணத்துத் தண்ணி நல்ல தண்ணிதான். அதையே ஊத்திக்கிட்டு வாறேன். தப்பா?

தப்புதான். மலையோரத்துக் கிணற்று நீர் குடிக்க இனிப்பாக இருக்கலாம், ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு; வெறும் தண்ணீர் பட்டால் துரு பிடிக்கும், அந்தத் துரு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் உட்காரும். கடலோரத்துக் கிணறு இன்னும் மோசம். அதில் உள்ள உப்பு அலுமினியத்தை ஊசிமுனை ஓட்டைகளாக அரிக்கும்.

கூலன்ட்டோடு கலக்க பேட்டரித் தண்ணீர் வாங்குங்கள். வழியில் அவசரத்துக்கு என்ன தண்ணீர் கிடைத்தாலும் ஊற்றலாம், எஞ்சின் பிழைப்பதுதான் முக்கியம். வீடு வந்ததும் அதை வடித்துவிட்டு நல்லதை நிரப்புங்கள்.

கூலன்ட்ல பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் இருக்கே. எது நல்லது? கூட ஊத்தினா கூட குளுருமா?

நிறம் வெறும் சாயம்தான். ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. வண்டிப் புத்தகம் சொல்லும் வகையைப் போடுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் முழுவதும் வடித்து, கழுவி, புதிதாக நிரப்புவதே நிம்மதி.

கூட ஊற்றினால் கூடக் குளிரும் என்பது நிறையப் பேர் நம்பும் தப்பு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை அடிக்க ஆளில்லை. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால், எடைக்கு எடை பார்த்தால், அதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் சுமக்கும். அதன் வேலை கொதிநிலையை ஏற்றுவது, கூட உள்ள மருந்தின் வேலை துருவைத் தடுப்பது. பாதிக்குப் பாதி கலந்தால் நம் வெயிலுக்குத் தாராளம். கலந்தே விற்கும் கேனும் உண்டு, அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஒன்று கவனம்: கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். வடித்ததை முற்றத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாயோ ஆடோ பிள்ளைகளோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூரப்போட்டா சூடே வராதுன்னு சொல்லுதாங்களே?

இதைச் சொல்லாத பட்டறை இல்லை. கேட்க நியாயமாகவும் இருக்கும்: கதவு இருந்தால்தானே அடைக்கும். ஆனால் பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறப்பது ஒன்று; அதே நேரத்தில் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியைக் கீழே உள்ள தட்டால் மூடுவது இன்னொன்று. அந்த மாதிரி எஞ்சினில் அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும். லோடோடு ஏற்றம் ஏறும்போது முன்பைவிட அதிகமாகச் சூடாகும்.

சூடாகாத வண்டிக்கும் அது நல்லதல்ல. டீசல் எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் மைலேஜ் விழும், புகை கூடும், ஆயிலில் கசடு சேரும். சந்தேகமிருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் கம்பியில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் அதே எண்ணில் புதிது போடுங்கள்.

ரேடியேட்டர் மூடி லூஸா இருந்தா என்ன, தண்ணி தெறிக்காம இருந்தா போதாதா?

போதாது. அது வெறும் மூடி இல்லை, வால்வு. உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரின் கொதிநிலையும் ஏறும். சுமார் 1 பார் பிடிக்கும் மூடி இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் டப்பாவில் வழியும். பெரிய செலவுக்கு இறங்கும் முன் மூடியை மாற்றிப் பாருங்கள். பழையதில் பொறித்த அதே அழுத்தம் இருக்க வேண்டும். கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸும் பிளாஸ்டிக் தொட்டியும் வெடிக்கும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. துணி போட்டுத் திறந்தாலும் கை வெந்துவிடும்.

நம்மது மீன் வண்டி. ரேடியேட்டர் ரெண்டு வருசம்கூட நிக்கல. ஏன்?

சின்னமுட்டம், குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் துறைமுகங்களில் நிற்கும் வண்டிகளுக்கெல்லாம் இந்த நோய் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய தகடுகளான ஃபின்களில் படிகிறது. ஃபின் குழாயோடு ஒட்டியிருந்தால்தான் சூட்டை எடுக்கும். உப்பு அந்த இணைப்பை அரித்ததும் பார்க்க ஃபின் இருக்கும், வேலை செய்யாது. விரலால் தடவினால் தூளாக உதிர்ந்தால் கழுவிப் பயனில்லை, குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதியான கோரை மாற்ற வேண்டியதுதான்.

புதிது போட்ட பிறகு, துறைமுகத்துக்குப் போய்வரும் வண்டியை வாரத்தில் ஒருநாளாவது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பைக் கிட்டே பிடித்தால் ஃபின் எல்லாம் படுத்துவிடும். பாடியில் இருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். அது சேஸியில் ஒழுகாமல் பின்னால் குழாய் வைத்து இறக்குங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கை யாரும் பார்ப்பதில்லை. பாதி அழுக்கு அங்கேதான் கிடக்கும்.

பித்தளையா, அலுமினியமா?

பழைய வண்டிக்கு, அதுவும் ஊரிலேயே ரிப்பேர் பார்க்க வேண்டுமென்றால், எனக்குப் பிடித்தது பித்தளைத் தொட்டியும் செம்புக் கோரும் கொண்டதுதான். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கலாம், தொட்டியைப் பிரித்துக் குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பு எடுக்கலாம், கோர் மட்டும் மாற்றலாம். அலுமினியம் எடை குறைவு, அகலமான குழாய் வைக்க முடிவதால் நன்றாகவே குளிர வைக்கும். ஆனால் அதன் பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் அனேகமாக மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். கடலோர வண்டிக்கு எதுவும் நிரந்தரமில்லை.

ரெண்டு வரிசைக்குப் பதிலா மூணு வரிசை கோர் போட்டுத் தாறேன்னு சொல்லுதாரு. போடலாமா?

மற்றதெல்லாம் சரியாக இருந்து, லோடும் ஏற்றமும் நிஜமாகவே அதிகம் என்றால் போடலாம். ஆனால் மூன்றாவது வரிசைக்கு வரும் காற்று முதல் இரண்டு வரிசையில் சூடாகித்தான் வரும். அதனால் ஒன்றரை மடங்கு பலன் கிடைக்காது. கோர் தடிமனானால் காற்று ஊடுருவுவதும் கடினம். ஃபேன் பலமாகவும் அதைச் சுற்றியுள்ள கூடு முழுசாகவும் இல்லாவிட்டால் மெதுவான ஓட்டத்தில் பழையதைவிட மோசமாகலாம். பழைய வண்டிகளில் அந்தக் கூட்டை எஞ்சின் வேலையின்போது கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள். கோருக்கு ஆகும் காசில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஃபேனுக்கும் தடித்த கோருக்கும் நடுவில் இடம் மிஞ்சுகிறதா என்றும் அளந்து பாருங்கள்.

ஃபேன் கிளட்ச் போச்சான்னு எப்பிடித் தெரியும்? எலக்ட்ரிக் ஃபேன் வச்சா என்ன?

நன்றாகச் சூடான வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக எதிர்த்து நிற்க வேண்டும். தட்டிவிட்டதும் பல சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் சிலிக்கான் திரவம் போய்விட்டது. நடுவில் பிசுபிசுப்பாக ஒழுகிய தடம் இருந்தாலும் அப்படித்தான்.

எலக்ட்ரிக் ஃபேன் லோடு வண்டிக்கு எனக்கு உடன்பாடில்லை. எஞ்சின் சுழற்றும் பெரிய ஃபேன் இழுக்கும் காற்றை ஒரு சின்ன கார் ஃபேன் இழுக்காது. ஆல்டர்னேட்டரும் வயரும் ரிலேயும் தாங்க வேண்டும். ஒரு ஃப்யூஸ் போனால் எஞ்சினே போகும்.

ஆடி மாசம் ஆரல்வாய்மொழி தாண்டும்போது மட்டும் முள் ஏறுதே, அது என்ன கதை?

கதை இல்லை, காற்றுதான். தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். அதனால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு பக்கம் போகும்போது அது உங்கள் முதுகில் அடிக்கிறது. காற்று மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து, வண்டியும் 60இல் போனால் ரேடியேட்டருக்குக் கிடைப்பது 20இல் வரும் காற்றுதான். பின்காற்று வண்டியைத் தள்ளுவதால் எஞ்சினுக்கும் கொஞ்சம் சுமை குறையும், ஆகவே நல்ல ஃபேன் உள்ள வண்டி சமாளித்துவிடும். அங்கே முள் ஏறினால் ஃபேன் கிளட்ச் சாகும் தறுவாயில் இருக்கிறது என்று அர்த்தம்.

பேச்சிப்பாறை தாண்டி கோதையார் ஏத்தத்துல முள் சிவப்புக்குப் போயிட்டா?

ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுசாகத் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். பெரிய கியரில் முக்கி முனகி ஏறாமல் ஒரு கியர் குறையுங்கள். எஞ்சின் சுற்றுக் கூடினால் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டுங்கள். கூலன்ட் ஒழுகவில்லை, ஆவி பறக்கவில்லை என்றால் சில நிமிடம் நியூட்ரலில் ஓடவிட்டு ஆறவிடலாம். ஒழுகினால் உடனே அணைக்க வேண்டும். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

லோடு விஷயமும் உண்டு. 1.3 டன், 1.7 டன் என்று வண்டியின் பெயரோடேயே எழுதித் தருகிறார்கள். அதற்கு மேல் ஏற்றிவிட்டு ரேடியேட்டரைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் தண்ணி குறையுது, ஒழுகலும் இல்ல. ஏன்?

ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் நிற்காமல் குமிழி வரும். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி விறைக்கும். ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். எஞ்சின் சிலிண்டருக்குள் எரியும் வாயு கூலன்ட்டுக்குள் புகும்வரை எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பயனில்லை. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடாமல், லேத்தில் கொடுத்து வளைவு பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

நான் துபாய்ல பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் ஓட்டுதேன். கூலர் எனக்கு வேணுமா?

வளைகுடா வெயிலில் டிரெய்லரோ முழு லோடோ இழுத்தால் வேண்டும். ஊரில் 2019இல் வந்த இசுசு வி-கிராஸ் ஆட்டோமேட்டிக் பிக்கப் வைத்துக் காலி வண்டியாக ஓட்டுகிறவருக்கு அவசியமில்லை. பொதுவாக ஆயில் 80 முதல் 95 டிகிரி வரை இருப்பது ஆரோக்கியம். 120ஐத் தாண்டி அடிக்கடி போனால் ஆயில் கருகி, சீல் விறைத்து, கியர் வழுக்கத் தொடங்கும். ஆயில் சிவப்பு போய்க் கருத்து, தீய்ந்த வாடை வந்தால் ஏற்கெனவே சுட்டிருக்கிறது. ஊகிக்காமல் லைனில் ஒரு சென்சார் வைத்து மீட்டர் மாட்டுங்கள். பல வண்டிகளில் ஸ்கேனரிலேயே தெரியும்.

எந்தக் கூலர், எங்க மாட்டணும்?

தட்டுகளை அடுக்கிய வகை வாங்குங்கள். வளைந்த குழாயில் ஃபின் கோத்த வகை மலிவு, ஆனால் அதே அளவில் குறைவாகத்தான் குளிர வைக்கும். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஆயில் முதலில் ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கும் கம்பெனிக் கூலருக்கும், அங்கிருந்து புதுக் கூலருக்கும், பிறகு கியர்பாக்ஸுக்கும் போக வேண்டும். எது சூடான லைன் என்று தெரியாவிட்டால் எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டித் தொட்டுப் பாருங்கள், முதலில் சூடேறுவதுதான் கியர்பாக்ஸிலிருந்து வருவது.

கண்டென்சருக்கு முன்னால், ஒட்டாமல் இடைவெளி விட்டு, பட்டைக்கம்பி பிராக்கெட்டில் மாட்டுங்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குச்சியை ரேடியேட்டர் ஃபின் வழியாகக் குத்தி இறுக்குவது சுலபம்தான், ஆனால் அதிர்வில் உரசி உரசி ரேடியேட்டரையே ஓட்டை போட்டுவிடும். ஹோஸ் ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கென்றே வருவதாக இருக்க வேண்டும். தண்ணீர் ஹோஸ் ஊறி வெடித்துவிடும்.

ரேடியேட்டருக்குள்ள இருக்க கூலரைத் துண்டிச்சிட்டு வெளிக் கூலரை மட்டும் வச்சுக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நிஜமான பயம் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற 2005 முதல் 2010 வரையிலான நிசான் ஃபிரான்டியர், பாத்ஃபைண்டர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் விரிசல் விட்டு, கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸே போனது. ரோஸ்மில்க் நிறத்தில் ஆயில் வந்தால் அதுதான். எஞ்சினை அணைத்து, கட்டி இழுத்துப் போக வேண்டும்.

ஆனாலும் துண்டிப்பதை நான் முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். மெதுவாக ஏறும்போது வெளிக் கூலருக்குக் காற்று கிடைக்காது, அப்போது காப்பாற்றுவது உள்ளே இருப்பதுதான். பயமிருந்தால் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றிவிட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒரு கியர்பாக்ஸ் சிதைந்து மாற்றியிருந்தால் பழைய வெளிக் கூலரைத் திரும்பப் போடாதீர்கள். தட்டுகளுக்கு நடுவில் தங்கிய உலோகத் தூள் எவ்வளவு கழுவினாலும் முழுசாக வராது.

கூலர் மாட்டினப்புறம் ஆயில் குறைஞ்சு காட்டுது. ஒழுகுதோ?

அனேகமாக ஒழுகல் இல்லை. புதுக் கூலரும் ஹோஸும் நிரம்பக் கொஞ்சம் ஆயில் தேவைப்படும், அதுதான் குறைந்திருக்கிறது. ஆயில் குச்சி உள்ள வண்டியென்றால் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்து, புத்தகம் சொல்லும் சூட்டில், அது சொல்லும் நிலையில் லீவரை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், அதிகமானால் நுரைத்து அதுவும் சூடாகும். குச்சி இல்லாத வண்டிக்குக் கீழே பக்கவாட்டு நட்டு வழியாகத்தான் அளவு பார்க்க வேண்டும். அதற்கும் குறிப்பிட்ட ஆயில் சூடு உண்டு என்பதால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்கே போங்கள். பிறகு ஒரு லோடு அடித்துவிட்டு வந்து, இரவில் வண்டிக்கடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் ஒழுகல் இல்லை.